விண்ணப்ப ஜெபத்தில் வந்த பெயர்

1

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்களுக்கு இரண்டு ஆராதனை உண்டு. முதலாவது ஊர்ச் சபையின் ஆராதனை. நாகர்கோவிலிலிருந்து கீரிப்பாறைக்குப் போகும் வழியில் இருக்கிறது எங்கள் ஊர். அங்கே நடந்து முடிந்த ஆராதனையை யூடியூபில் போட்டிருப்பார்கள். அதை டிவியில் ஓடவிட்டு நான் சட்டைக்கு இஸ்திரி போடுவேன். என் மனைவி ஸ்டெல்லா புட்டு அவிப்பாள். அதற்குப் பிறகுதான் ஹூஸ்டனில் நாங்கள் போகிற சபைக்குக் கிளம்புவோம். உண்மையைச் சொன்னால் முதல் ஆராதனையில் பக்தி கொஞ்சம் குறைவு. யாருக்குத் தலை நரைத்திருக்கிறது, யார் வீட்டுப் பிள்ளை பாடகர் குழுவில் சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பதற்குத்தான் அது.

நம் பக்கத்துச் சபைகளின் வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிரசங்கத்துக்கு முன்னால் செயலாளர் எழுந்து காணிக்கைகளையும் விண்ணப்பங்களையும் வாசிப்பார். இன்னார் மகளுக்குச் சுகப்பிரசவம், இன்னாருக்கு மூட்டு ஆபரேஷன், இன்னார் மகன் மூன்றாம் முறையாக அரசுத் தேர்வு எழுதுகிறான். எல்லாமே பெயரோடும் தகப்பன் பெயரோடும் வரும். வெட்கம், மறைப்பு எதுவும் கிடையாது. கேட்ட சபை அந்த வாரம் முழுக்க அதற்காக ஜெபிக்கும். போகிற வழியில் கொஞ்சம் பேசியும் கொள்ளும்.

அந்த ஞாயிறு செயலாளர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். "அமெரிக்காவில் ஹூஸ்டன் பட்டணத்தில் இருக்கும் மகன் அஜினுக்கு விசா முடிந்து, பேப்பர் இல்லாமல் இருக்கிறபடியினாலே, அதிகாரிகள் கண்ணில் படாதபடி கர்த்தர் அவனை மறைத்துக் காக்க வேண்டுமென்று தாயார் ஜெயசீலி விண்ணப்பித்துக் காணிக்கை படைக்கிறார்." சபை ஆமென் சொன்னது.

ஜெயசீலி என் தங்கை. அஜின் அவளுடைய ஒரே மகன். ஹூஸ்டனின் மறுகோடியில் இருக்கிறான். படிக்க வந்தான், முடித்தான், வேலையில் இருக்கிறான், கம்பெனி விசா எடுத்துக்கொடுத்துவிட்டது என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். நான் சட்டையின் முதுகில் இஸ்திரிப்பெட்டியை வைத்தபடியே நின்றேன். தீய்ந்த வாசனை வந்து ஸ்டெல்லாதான் ஓடிவந்து அதை எடுத்தாள்.

2

இதில் இவ்வளவு பதற என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அதற்கு என் அரசியலைச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் வலதுசாரிக் கட்சிக்குச் சிவப்பு நிறம். என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. சங்க ஊர்வலத்தில் முன்வரிசையில் சிவப்புக் கொடி பிடித்தவர். மகனும் சிவப்புக்குத்தான் ஓட்டுப் போடுகிறான் என்று ஊரில் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். வெளிநாட்டில் இருக்கிற இந்தியன் எல்லாம் இடதுபக்கம்தான் நிற்க வேண்டும் என்று யாரோ எழுதிவைத்த மாதிரி நீங்கள் பேசுவதுதான் எனக்கு எரிச்சல்.

எனக்கு அரசாங்கத்தின் மேல் நம்பிக்கை போனது இங்கே அல்ல, நாகர்கோவிலில். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு அங்கே ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை போட ஆசைப்பட்டேன். லைசன்ஸுக்காக ஓர் அலுவலகத்துக்கு நடந்தேன், பெயர் வேண்டாம். வாசலில் இருந்த டீக்கடைக்காரருக்கு என் முகம் பழகியது, உள்ளே இருந்தவர்களுக்குக் கடைசிவரை பழகவில்லை. வெறுத்துப்போய் சவுதிக்கு விமானம் ஏறினேன். பின்னாளில் டெக்சாஸில் என் ஏசி கம்பெனியைப் பதிவு செய்ய அரை நாள் ஆகவில்லை. அன்றைக்கே முடிவு செய்தேன்: அரசாங்கம் சின்னதாக, தூரமாக, வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். இப்போதும் வாஷிங்டனில் யாரோ கையெழுத்துப் போட்டால் என் வண்டியில் இருக்கிற கேஸ் சிலிண்டர் பழசாகிவிடுகிறது. ஏசிக்குள் ஒரு நாளும் கை விடாதவர்கள் எனக்கு எந்த கேஸ் அடைக்க வேண்டும் என்று சொல்கிறார்கள். வரியை எடுத்துக்கொள்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று பெற்றவன் கேட்டால் முறைக்கிறார்கள்.

குடியேற்ற விஷயத்தில் என் பேச்சு இன்னும் கறார். சவுதியில் தங்கி வேலை செய்ய இக்காமா என்று ஓர் அனுமதி அட்டை உண்டு. அது முடிந்தால் மூட்டையைக் கட்ட வேண்டும். அங்கே நம் ஆட்களில் எவனாவது உரிமை என்று வாய் திறந்தானா? அங்கே அடங்கி ஒடுங்கி இருந்தவன் இங்கே வந்ததும் எனக்கு நியாயம் வேண்டும் என்கிறான். ஸ்டெல்லாவின் நர்ஸ் விசாவுக்கு நாங்கள் வருஷக்கணக்கில் காத்திருந்தோம். எங்கள் மகள் பெனிட்டா அந்தக் காத்திருப்பில் பிறந்து, நடந்து, பேசவும் தொடங்கிய பிறகுதான் முத்திரை விழுந்தது. வரிசையில் நின்றவனைக் கேட்டுப்பாருங்கள், வரிசையைத் தாண்டிப் போகிறவன் மேல் எவ்வளவு கோபம் வரும் என்று.

ஸ்டெல்லா என்னைவிட உறுதி. கருக்கலைப்பு விஷயத்தில் அவள் இம்மியும் இறங்க மாட்டாள். பிரசவ வார்டில் வேலை செய்தவள். நான் ஒரு தேர்தலில் சோம்பல்பட்டபோது என்னை இழுத்துக்கொண்டு போய் ஓட்டுப் போடவைத்தவள் அவள்.

என் பக்கத்தில் எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. இறக்குமதி வரியால் கம்ப்ரசர் விலை ஏறி நான் கஸ்டமரிடம் வாங்கிக்கட்டிக்கொள்கிறேன். என் கட்சிக்காரர்களே இணையத்தில் இந்தியர்களைப் பற்றி எழுதுவதைப் படித்தால் வயிறு எரிகிறது. நான் ஏசி மாட்டுகிற புது வீடுகளில் கூரை போடுகிற ஆட்கள் பாதிப் பேர் பிடித்துவிடுவார்கள் என்று இப்போது வேலைக்கு வருவதில்லை. வருகிறவர்கள் தெருவில் தெரியாத வண்டி நின்றால் ஏணியிலிருந்து இறங்கிவிடுகிறார்கள். பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டும் சட்டம் சட்டம்தான் என்று எங்கள் தமிழ்ச் சபை வாட்சாப் குழுவில் மாய்ந்து மாய்ந்து எழுதியிருக்கிறேன். அந்தக் குழுவில் பாதிப் பேர் நம் மாவட்டத்துக்காரர்கள். அவர்கள் எல்லோரும் அந்த ஊர்ச் சபை ஆராதனையைப் பார்க்கிறவர்கள்.

3

தங்கையைக் கூப்பிட்டேன். அவள் எடுத்ததும் சந்தோஷமாக, ஜெபம் கேட்டியா அண்ணே என்றாள்.

"ஏட்டி, ஒனக்கு என்ன கிறுக்கு பிடிச்சிருக்கா? பேரு, ஊரு எல்லாம் சொல்லி உலகத்துக்கே காட்டிக் குடுத்திருக்கியே."

"சபையில சொல்லாம வேற எங்க போயி சொல்லணும்? பேரு சொல்லாம எப்பிடி ஜெபிப்பாவ?"

"ஆண்டவருக்கு எந்த அஜின்னு தெரியாதா?"

"ஆண்டவருக்குத் தெரியும். சபைக்குத் தெரியாண்டாமா?"

அவளுக்குக் குற்றம் செய்துவிட்ட உணர்வே இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது சொன்னாள், பிளஸ் டூ பரீட்சைக்குச் சொன்னாள், விசா கிடைக்கச் சொன்னாள். இப்போது விசா போனதற்கும் சொல்கிறாள். அதிகாரிகள் தமிழில் ஜெபம் கேட்பார்களா என்று என்னையே திருப்பிக் கேட்டாள். காட்டிக்கொடுக்கத் தமிழ் தெரிந்தவன் ஒருவன் போதும் என்று சொல்ல வந்து விட்டுவிட்டேன்.

எனக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீ குழுவில் எழுதுகிறதை எல்லாம் அஜின் படித்துச் சொல்வான், பயமாக இருந்தது என்றாள். கடைசியில் அவள் கேட்டது ஒன்றுதான். நீ சிட்டிசன், உன் வீட்டுக்குள் வந்து யாரும் பிடிக்க மாட்டார்கள், அவனைக் கொஞ்சநாள் அங்கே வைத்துக்கொள். நான் முடியாது என்றேன். அப்படி வைப்பது சட்டப்படி குற்றம். அதைவிட, அது நான் இத்தனை காலம் பேசிய பேச்சின் மேல் நானே காறித் துப்புவது மாதிரி.

அவள் இன்னொரு தடவையும் கேட்டுப் பார்த்தாள். பிறகு, "நீ அங்க இருந்தும் எம் பிள்ளைக்கு ஒரு எடம் இல்லாமப் போச்சே அண்ணே" என்று சொல்லி வைத்துவிட்டாள். எனக்கு மனசு விட்டுப்போயிற்று.

அடுத்து செயலாளரைப் பிடித்து வீடியோவை எடுக்கச் சொன்னேன். வாசித்த காணிக்கையை அழித்தால் படைத்த அம்மா வருத்தப்படுவார்களே என்று யோசித்தார். கமிட்டியில் வைக்க வேண்டும் என்றார். நான் போட்ட சத்தத்தில் சம்மதித்தார். ஆனால் கேமரா பார்ப்பவர் மண்டைக்காடு பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார், போனை எடுக்கவில்லை. அவர் எடுத்து, அழிப்பதற்குள் நம் ஆட்களில் யாரோ அந்தத் துண்டை மட்டும் வெட்டி எங்கள் ஹூஸ்டன் குழுவில் போட்டுவிட்டார். கீழே ஒரு வார்த்தைகூட இல்லை. அதற்குக் கீழே யாரும் எதுவும் எழுதவும் இல்லை. எப்போதும் காலை வணக்கமும் வசனமுமாகக் கொட்டுகிற குழு அன்று சாயங்காலம் வரை அப்படியே கிடந்தது.

4

திங்கட்கிழமை வேலைக்கு நடுவில் அஜினைப் பார்க்கப் போனேன். அவன் ஓர் இந்தியக் கடையின் கிட்டங்கியில் அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். இன்ஜினியரிங் முதுகலை படித்தவன். என் வண்டியைப் பார்த்ததும் முதலில் உள்ளே போய்விட்டான். என் முகம் தெரிந்த பிறகுதான் வந்தான். வண்டிக்குள் உட்காரவைத்துப் பேசினேன்.

பொய் சொன்னதற்குத் திட்டலாம் என்றுதான் போனேன். அவன் சொன்னதைக் கேட்டபின் அதற்கும் வழியில்லை. வேலை கொடுத்த கம்பெனி மூடிவிட்டது. வேலை விசாவுக்கு நடக்கிற குலுக்கலில் மூன்று தடவை போட்டும் பெயர் விழவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று இருந்துவிட்டான். அம்மாவிடம் சொன்னால் அழுவாள் என்று பாதி சொன்னான். அம்மா அதை முழுசாக்கிச் சபையில் சொல்லிவிட்டாள். கிட்டங்கிக்கு வெளியே எந்தக் கார் வந்து நின்றாலும் மூட்டையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடிவிடுகிறேன் என்றான். பேசும்போதே கண்ணாடியில் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, நீங்க என்னப் பிடிச்சுக் குடுப்பியளா?"

இந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது. லீவுக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் நான் தூக்கிவைத்துத் திரிந்த பிள்ளை கேட்கிறான்.

"பிடிச்சுக் குடுக்க மாட்டேன். வீட்டுல ஒளிச்சு வைக்கவும் மாட்டேன்."

"ரெண்டுக்கும் நடுவுல எடம் இருக்கா மாமா?"

"இருக்கு மக்கா. ஏர்போர்ட் இருக்கு."

அவன் சிரிக்கவில்லை. நானும் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பிடித்தால் எங்கோ ஒரு முகாமில் வைப்பார்கள், எங்கே என்று தேடவே நாளாகும், கடைசியில் கைவிலங்கோடு அனுப்புவார்கள். நீயாகப் போனால் பெட்டியோடு போவாய் என்று சொன்னேன். தெரிந்த வக்கீலிடம் அவனை வைத்துக்கொண்டே போனில் பேசினேன். நீங்கள் சொல்வது சரிதான், ஆனால் போனால் திரும்பி வருவது லேசில் நடக்காது, வராமலேகூடப் போகலாம் என்றார் வக்கீல். யோசித்துச் சொல்கிறேன் என்று அஜின் இறங்கிப் போனான்.

5

செவ்வாய்க்கிழமை நான் ஒரு வீட்டின் பின்புறம் மொட்டை வெயிலில் ஏசி யூனிட்டைப் பிரித்துப் போட்டிருந்தபோது ராபின்சன் கூப்பிட்டான். எங்கள் சபைக்காரன், குலசேகரம் பக்கம். என்னைவிட இளையவன், குழுவில் நான் எழுதுகிற எல்லாவற்றுக்கும் முதலில் கட்டைவிரல் காட்டுகிறவன். தேர்தல் சமயத்தில் நானும் அவனும் சேர்ந்து வீடுவீடாக நோட்டீஸ் கொடுத்திருக்கிறோம்.

"அண்ணே, பேப்பர் இல்லாதவனப் பத்தி அதிகாரிகளுக்குத் தகவல் குடுக்கதுக்கு ஒரு நம்பர் இருக்குல்லா. ஒங்ககிட்ட கேக்காமச் செய்யாண்டாம்னுதான் கூப்பிட்டேன்."

நான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன். அவன் குரலில் கெட்ட எண்ணம் இல்லை, அதுதான் பயங்கரம். அவன் தங்கையை இங்கே வரவழைக்கப் போட்ட மனு இன்னும் வரிசையில் கிடக்கிறது. அவள் அங்கே கல்யாணமாகிப் பிள்ளையும் பெற்றுவிட்டாள். சரியாக நிற்கிறவர்களுக்கு என்ன மரியாதை என்று கேட்டான். நான் மேடை போட்டுச் சொல்லிக்கொடுத்ததை எனக்கே ஒப்பித்தான்.

"நீங்கதான சொல்லுவிய, சட்டம் சொந்தக்காரன் முகம் பாக்கப்பிடாதுன்னு."

சொல்லியிருக்கிறேன். இப்போதும் அது தப்பு என்று எனக்கு வாதாடத் தெரியவில்லை. அதனால் வாதாடவில்லை, கெஞ்சினேன். அவன் தானாகப் போகப்போகிறான், டிக்கெட் எடுக்கப்போகிறோம், நாட்டுக்கு வேண்டியதும் அவன் போவதுதானே என்றேன். அஜின் இன்னும் சரி என்று சொல்லவில்லை என்பதை மறைத்துவிட்டேன். ராபின்சன் யோசித்தான். வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்கிறேன் அண்ணே, ஒங்க முகத்துக்காக என்றான். முகம் பார்க்கக்கூடாது என்றவன் என் முகம் பார்த்துப் பொறுத்தான். நான் நன்றி சொன்னேன்.

அன்று மீதி வேலையைத் தப்பும் தவறுமாகச் செய்தேன். வயரை மாற்றிக் கொடுத்து ஃபியூஸைப் போக்கினேன். அந்த வீட்டம்மா வந்து உனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

6

பெனிட்டா வேறு மாநிலத்தில் படிக்கிறாள். என்னோடு அரசியல் பேசுவதை விட்டு இரண்டு வருஷம் இருக்கும். நலமா, சாப்பிட்டியா, அவ்வளவுதான். அவள் தமிழ் இப்போது அந்த அளவுக்குத்தான் வரும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது மொழிப் பிரச்சினை இல்லை என்று அந்த வாரம் தெரிந்தது. அஜின் அவளுக்கு அத்தை மகன். அவனே அவளிடம் சொல்லியிருக்கிறான். அவள் கூப்பிட்டு, அரை மணி நேரம் ஆங்கிலத்தில் விளாசினாள். அப்பா, நீ ஓட்டுப் போட்டது இதற்குத்தான் என்றாள்.

ஆமாம், இதற்கும் சேர்த்துத்தான் என்றேன். மழுப்ப எனக்கு இஷ்டமில்லை. எல்லை என்று ஒன்று இருந்தால் அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மனிதர்கள் இருப்பார்கள், அதில் ஒருவன் நம் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம் என்பது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்றேன். தெரிந்திருந்தால் மாற்றிப் போட்டிருப்பாயா என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் போனை வைக்கவில்லை. பிறகு அம்மாவிடம் கொடு என்றாள்.

ஸ்டெல்லா போனை வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள். அந்த வாரம் முழுக்க அவள் இந்த விஷயத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டால், நீங்க பேசுறீங்களே, போதும் என்பாள்.

புதன்கிழமை மத்தியானம் அஜினிடமிருந்து ஒரு வரி வந்தது. போகிறேன் மாமா. ராபின்சன் சொன்ன கெடுவை நான் அவனிடம் சொல்லவே இல்லை. பயத்தில் போனான் என்று ஆகக்கூடாது என்று நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் அவன் வேறு எதில் போனான்?

7

வியாழக்கிழமை திருவனந்தபுரத்துக்கு டிக்கெட். சாயங்காலம் அவனை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். ஸ்டெல்லா முன்னால், அவன் பின்னால். இத்தனை வருஷத்தில் சேர்ந்தது இரண்டு பெட்டியைக்கூட நிரப்பவில்லை. ஸ்டெல்லா அவனுக்குச் சோறு பொதிந்து எடுத்து வந்திருந்தாள். வண்டியிலேயே சாப்பிடச் சொன்னாள். அவன் மடியில் வைத்துக்கொண்டான்.

நெடுஞ்சாலையில் ஏறியதும் ஒரு போலீஸ் கார் பின்னால் வந்தது. நான் வேகத்தைப் பார்த்தேன், சரியாக இருந்தது. தடம் மாறினேன், அதுவும் மாறியது. என்னிடம் எல்லாம் சரியாக இருக்கிறது. சிட்டிசன், லைசன்ஸ், இன்சூரன்ஸ். ஆனாலும் வேகத்தை இன்னும் குறைத்தேன். இந்த நாட்டில் போலீஸைக் கண்டு நான் பயந்தது அதுதான் முதல் தடவை. போலீஸுக்கு மரியாதை என்று என் வண்டியின் பின்னால் நானே ஸ்டிக்கர் ஒட்டிவைத்திருக்கிறேன். கண்ணாடியில் பார்த்தேன். அஜின் தலையைக் குனிந்து சோற்றுப் பொதியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்டெல்லா கையைப் பின்னால் நீட்டி அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கார் எங்களைத் தாண்டி, வேறு யாரையோ துரத்திக்கொண்டு போய்விட்டது.

விமான நிலையத்தில் அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை. பெட்டியை எடை போட்டார்கள், போர்டிங் பாஸ் கொடுத்தார்கள், சிரித்து வழியனுப்பினார்கள். இவ்வளவு சுலபமா என்று எனக்கே கோபம் வந்தது. அவன் ஸ்டெல்லாவைக் கட்டிப்பிடித்து அழுதான். என்னிடம் கை கொடுத்தான். அம்மாவிடம் நான் நல்லபடியாகச் சொல்கிறேன், நீங்கள் சங்கடப்படாதீர்கள் மாமா என்றான். பாதுகாப்புச் சோதனைக்கு ஷூவைக் கழற்ற வேண்டுமா என்று முன்னால் நின்றவரிடம் கேட்டபடி உள்ளே போனான்.

திரும்பி வரும்போது எனக்குப் பேச வேண்டும் போல இருந்தது. நடந்தது நல்லதுக்குத்தான் என்றேன். அவன் சின்னப் பையன், ஊரில் இப்போது நல்ல வேலைகள் இருக்கின்றன என்றேன். ராபின்சனுக்கு இப்போதே சொல்லிவிட வேண்டும் என்றேன். ஸ்டெல்லா சோற்றுப் பொதி வந்த பையை மடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டுக்குத் திரும்புகிற சிக்னலில் சிவப்பு விழுந்து நின்றோம்.

"அவன் போக மாட்டேன்னு சொல்லியிருந்தான்னா நான் வீட்டுல வச்சிருப்பேன்," என்றாள். "நீங்கதான் வெளிய போயிருக்கணும்."

கோபமாகச் சொல்லவில்லை. ராத்திரிக்கு என்ன சமைப்பது என்று சொல்கிற அதே குரல். ஸ்டெல்லா சொன்னால் செய்கிறவள். முப்பது வருஷமாக எனக்குத் தெரியும். பச்சை விழுந்ததை நான் பார்க்கவில்லை. பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்த பிறகுதான் வண்டியை எடுத்தேன்.